சிவப்புப் புள்ளி வைத்த சுவிட்ச்

செல்போன் அலறியது.

கையெல்லாம் கிரீஸ். முழங்கையாலேயே ஸ்பீக்கரைத் தட்டினான் நல்லதம்பி. தீவின் லம்பா லைன் பகுதியில் பழைய மோட்டார் சைக்கிளுக்கு அவன்தான் டாக்டர்.

"இன்ஸ்பெக்டர் முருகானந்தம் பேசறேன். தங்கையாவோட எழுபத்தெட்டு மாடல் புல்லட்டுக்கு இக்னிஷன் சுவிட்ச் மாத்தினது நீதானே?"

"ஆமா சார்... ஏன் சார்?"

"நேத்து மத்தியானம் பெரார்கஞ்ச் ரோட்டுல அந்த வண்டி ஒரு பொம்பளையை அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிருக்கு. மருதாயின்னு பேரு. பாக்குத் தோட்டத்துல கூலி வேலை. இன்னும் கண்ணு முழிக்கல. ஜல்தி ஸ்டேஷனுக்கு வா!"

ஸ்பானர் நழுவித் தரையில் விழுந்தது.

ணங்!

*

ஸ்டேஷன் வாசலில் நின்றது புல்லட். முன் மட்கார்டு நசுங்கியிருந்தது.

உள்ளே பெஞ்சில் தங்கையா. கப்பலில் முப்பது வருஷம் எஞ்சின் ரூமில் வெந்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் பெல்ட் இல்லை. காலில் செருப்பு இல்லை.

எதிரே நாற்காலியில், மடிப்புக் கலையாத சட்டையோடு எதிர்வீட்டுப் பிரேம்.

சாட்சி!

"ஜன்னல்ல இருந்து பாத்தேன் சார். ஹெல்மெட்டை மாட்டினார். சாவியைப் போட்டார். ஒரே கிக்! பக்கா!"

"நான் சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தேன்," என்றார் தங்கையா. "சாவி என் தலைமாட்டுல இருந்துச்சு."

"அப்ப பேயாண்ணே ஓட்டுச்சு?" பிரேம் சிரித்தான்.

இன்ஸ்பெக்டர் நல்லதம்பி பக்கம் திரும்பினார்.

"வண்டி இவர் ஷெட்டுலயே நின்னுச்சு. லாக் உடையல. வயர் அறுக்கல. நீ சொல்லு. அந்த சுவிட்சுக்கு எத்தனை சாவி?"

நல்லதம்பி கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தான்.

"புது சுவிட்ச் சார்... மெயின்லேண்ட்ல இருந்து கப்பல்ல வந்தது. ஒரே சாவிதான். அண்ணன் கையில குடுத்துட்டேன்."

தங்கையா அவனைப் பார்க்கவில்லை. தன் வெறுங்காலைப் பார்த்தார்.

ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்!

காரணம்... அவன் சொன்னது பொய்.

நாலு மாதத்துக்கு முன்பு வந்தது அந்த வண்டி. சாவியைத் திருப்பினால், கரன்ட் வருவதைக் காட்டும் ஆம்மீட்டர் முள் அசையவில்லை. சுவிட்சைப் பிரித்தான். உள்ளே செம்புப் பாயின்ட்டுகள் கரியாகியிருந்தன. சென்னைக்கு ஆர்டர் போட்டான். கடல் கொந்தளிப்பு. கப்பல் ரத்து. ஒரு வாரம்... இரண்டு வாரம்...

கடைசியில், பின்னால் கிடந்த ஸ்கிராப் புல்லட்டின் சுவிட்சைக் கழற்றிப் போட்டான். தீவில் நடப்பதுதான். சொல்லிவிட்டுப் போட்டிருந்தால் தப்பே இல்லை.

சொல்லவில்லை!

மண்ணெண்ணெயில் கழுவினான். காலி டப்பா ஒன்றில் வைத்து ஒட்டினான். தங்கையாவின் கண்ணெதிரே பிரித்தான்.

"ஒரிஜினல்ண்ணே! இப்பதான் கப்பல்ல இருந்து இறங்குச்சு!"

அவர் தோளைத் தட்டி டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ இப்போது தொண்டையில் கசந்தது.

"சொன்னதை எழுதியாச்சு. கையெழுத்துப் போடு," பேப்பரை நீட்டினார் இன்ஸ்பெக்டர்.

போட்டால் அவன் பெயர் பிழைக்கும். தங்கையா ஜெயிலுக்குப் போவார். போடாவிட்டால் நாளைக்கு லம்பா லைனே காறித் துப்பும்.

பேனாவைக் கீழே வைத்தான்.

"சார்... அது புது சுவிட்ச் இல்ல. ஸ்கிராப் வண்டில இருந்து கழட்டினது. அதுக்கு இன்னொரு சாவி இருக்கு."

"எந்த ஸ்கிராப் வண்டி?"

தலை நிமிராமலே கையை நீட்டினான்.

பிரேம்!

"அரே! என்னய்யா உளர்றே?"

"போன வருஷம் நீங்கதானே வித்தீங்க? ரெண்டாவது சாவி பாராடாங் ஃபெர்ரில கடல்ல விழுந்துடுச்சுன்னீங்க. இருட்டுல சாவி ஓட்டை தெரியணும்னு சிவப்பு நெயில் பாலிஷ்ல புள்ளி வெச்சிருந்தீங்க. மண்ணெண்ணெய்க்கு அது அழியல."

"சாவிக்கொத்தை எடு," என்றார் இன்ஸ்பெக்டர்.

பிரேம் வாசலைப் பார்த்தான். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார் ஏட்டு.

கொத்தில் மூன்றாவது சாவி. சிவப்புப் புள்ளிக்கு நேரே நுழைந்தது. திரும்பியது. ஆம்மீட்டர் முள் துள்ளியது.

ஒரு கிக்.

டுப்... டுப்... டுப்!

பிரேமின் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

"என் சுவிட்சுன்னு புள்ளியைப் பாத்ததுமே தெரிஞ்சுது சார்... ஒரு ரவுண்டு போயிட்டு வெச்சிடலாம்னு... அந்தம்மா குறுக்க வந்துட்டாங்க..."

ஏட்டு அவனை உள்ளே தள்ளினார்.

"அண்ணே..." நல்லதம்பி தங்கையா பக்கம் திரும்பினான்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"காலையிலயே எல்லாத்தையும் சொல்லிட்டாருய்யா உங்க அண்ணன்! எதிர்வீட்டு வண்டில வருஷக்கணக்கா பாத்த புள்ளியாம். ஆனா கழட்டிப் போட்டவன் வாயால வரணுமே? 'நல்லதம்பியைக் கூப்பிடுங்க, அவன் பொய் சொல்ல மாட்டான்'னார்!"

நல்லதம்பி முதல் முறையாகத் தங்கையாவை நேராகப் பார்த்தான்.

"தெரிஞ்சுமா... நாலு மாசம் கேக்காம இருந்தீங்க?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்." தங்கையா பெல்ட்டை மாட்டினார். "சொல்லிட்டே. முதல் தடவை கேட்டப்ப இல்ல... ரெண்டாவது தடவை."

தங்கையா அவன் தோளில் கை வைத்தார்.

"வா. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் மருதாயியைப் பாப்போம்."

"புது சுவிட்ச் போட்டுத் தரேண்ணே... சத்தியமா புதுசு!"

தங்கையா செருப்பில் கால் நுழைத்தார்.

"கப்பல் வரட்டும் தம்பி. இந்தத் தடவை டப்பாவை நான் பிரிக்கிறேன்!"