ஆறு மணி கேப்ஸ்யூல்

சரியாக மாலை ஆறு மணி. விஜயலெட்சுமியின் போன் அலறியது.

ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் லயத்தின் ஒற்றைக் காம்பராவில், அவளுக்கு எதிரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் இன்ஸ்பெக்டர் மபாஸ்.

"அவன்தானா?"

"வேற யாரு சேர் எனக்குக் கோல் எடுக்கப் போறா?"

புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகள் துஷாந்தினி குவைத்தில். குரல் தீபாவளிக்குத் தீபாவளி வரும். மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து பக்கத்துக் காம்பராக்காரிகள்கூட ஜன்னலோடு நின்றுவிடுகிறார்கள்.

ஸ்பீக்கரில் தேன் வழிந்தது.

"அக்கா... தயாபரன் பேசுறேன். சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் தம்பி."

"நம்ம மூலிகை கேப்ஸ்யூல்?"

இதே கேப்ஸ்யூலை நம்பித்தான் அப்புத்தளையில் ஒருத்தி ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தினாள். போன வாரம் செத்துப்போனாள். இன்றைக்கு மபாஸ் தேடி வந்து சொன்ன சேதி.

விஜயலெட்சுமி தயங்கினாள். ஒரு வார்த்தை போதும்... அவன் உள்ளே. அப்புறம் ஆறு மணிக்கு யார்?

"முடிஞ்சிருச்சு தம்பி. நாளைக்கு பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு நீங்களே கொண்டாங்க."

"வர்றேன்க்கா. ஒடம்பப் பாத்துக்கங்க."

போன் அடங்கியது. மபாஸின் முகத்தில் கவலை.

"அக்கா, இதுவரைக்கும் எத்தன முழுங்குனீங்க?"

அவள் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தாள். பன்னிரண்டு போத்தல்கள். ஒன்றில் மட்டும் சீல் உடைந்திருந்தது.

"ஒண்ணுகூட இல்ல. ஆஸ்பத்திரி மாத்திரைய ஒரு நாளும் விடல. மொத போத்தல்ல ஒண்ணப் பிரிச்சு மோந்து பாத்தேன். தேயிலை பெக்டரில கூட்டித் தள்ளுற கழிவுத் தூளு. இருபத்தெட்டு வருஷமா கொழுந்து எடுக்கிறவகிட்டயே தேயிலைய மூலிகைன்னு விக்கிறான், மடையன்."

"தெரிஞ்சுமா வாங்குனீங்க?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"தெனமும் சாப்பிட்டீங்களான்னு கேட்டான் சேர்... அப்புத்தளைக்காரி கதை தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் தயாபரன் கையில் பை. அடுத்த நிமிஷம் அதே கையில் விலங்கு.

"நீங்களாக்கா...?"

"சாப்பிட்டீங்களா தம்பி?" என்றாள் விஜயலெட்சுமி.

மாலை. ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. ஆறு மணி... போன் ஊமையாகக் கிடந்தது.

ஆறு ஐந்து.

அலறியது.

"அக்கா, இன்ஸ்பெக்டர் மபாஸ் பேசுறேன். சாப்பிட்டீங்களா?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க என்ன சேர் விக்கிறீங்க?"