நெஞ்சுவலி அக்காவின் கடைசி நடிப்பு

"போதும்க்கா, நடிச்சது. எந்திரி, சாப்பிடப் போலாம்."

கட்டிலில் கிடந்தவள் எழுந்திருக்கவில்லை. தங்கை திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தாள். அக்காவின் காலைத் தட்டினாள், உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினாள். "பையன் போயிட்டான்க்கா. யாருக்காக இன்னும் படுத்துக்கிட்டிருக்க?" என்று சிரித்தபடியே தோளைப் பிடித்துத் திருப்பினாள். தலை தொங்கிய விதத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

மதியம் ஒன்றேகாலுக்கு அந்த மாடி முழுக்கக் கேட்ட அலறல் அவளுடையதுதான்.

கொடுமையைப் பாருங்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த மருத்துவ மாணவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். இதுவும் தேர்வில் ஒரு பகுதியோ என்று அவர்களுக்குச் சந்தேகம்! அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்த மாடியில் வரிசையாக இருந்த சின்னச் சின்ன அறைகளில் படுத்திருந்தவர்கள் யாருமே நோயாளிகள் இல்லை. மாணவர்களுக்குத் தேர்வு வைப்பதற்காக நோயாளியாக நடிப்பவர்கள். ஒருத்திக்கு வயிற்றுவலி, ஒருத்தருக்குத் தலைசுற்றல். இறந்தவளுக்கு எப்போதும் நெஞ்சுவலிதான். அதனாலேயே கல்லூரி முழுக்க அவளுக்கு நெஞ்சுவலி அக்கா என்று பெயர்.

கீழ்த்தளத்து அவசரப் பிரிவிலிருந்து வந்த டாக்டர், அவள் நாக்குக்கு அடியில் பாதி கரைந்த மாத்திரை ஒன்றைப் பார்த்தார். எடுத்துப் பத்திரப்படுத்தினார். நெஞ்சுவலிக்காரி நெஞ்சுவலியிலேயே போய்விட்டாள் என்று முடிந்திருக்க வேண்டிய கதை, அந்த மனிதரின் கவனத்தால் முடியாமல் போனது.

மறுநாள் காலை பரிசோதனை முடிவு வந்தது. இதயத்தை அடக்கும் மருந்து, ஆளைக் கொல்லும் அளவுக்கு.

இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு அதிகம் பேசப் பிடிக்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே சுவரில் பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி, அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஜன்னல். தேர்வாளர் அங்கே உட்கார்ந்துதான் மார்க் போடுவார். அறையில் பேசுவது அவருக்கு ஒலிபெருக்கியில் கேட்கும். சுற்று முடிந்ததற்கு மணி அடிப்பவரும் அவரே.

"அந்த மாத்திரை யாரு வெச்சது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

கூட வந்த ஏட்டு விசாரித்து வைத்திருந்தார். "வழக்கமா அது வெறும் சர்க்கரை மாத்திரைதான் மேடம். ஒவ்வொரு பையன் வர்றதுக்கு முன்னாடியும் இந்தக் கிண்ணத்துல ஒண்ணு போட்டு வைப்பாங்களாம். 'நாக்குக்கு அடியில வைங்க'ன்னு பையன் சொன்னா எடுத்து வெச்சுக்கணும். நேத்து கடைசிப் பையனுக்கு முன்னாடி டீ குடிக்க விட்டிருக்காங்க. இந்தம்மாவும் போயிருக்கு. ரூம் தெறந்தே கெடந்திருக்கு."

"அந்த நேரம் இந்தப் பக்கம் வந்தவங்க?"

"மூணே பேரு. கடைசிப் பையன் கொஞ்ச நேரம் வாசல்ல நின்னிருக்கான். தங்கச்சி எட்டிப் பார்த்திருக்கு. அப்புறம் இவங்களுக்கெல்லாம் நடிப்புச் சொல்லிக் குடுக்குற மாஸ்டர். நேத்து கண்ணாடிக்குப் பின்னாடி உட்கார்ந்ததும் அவருதான்."

இவ்வளவுக்கும் நடுவில் மேலதிகாரி இரண்டு தடவை போன் செய்துவிட்டார். அவருக்குச் சந்தேகமே கிடையாது. கடைசிப் பையன்தான். நோயாளியாக நடிப்பவர்களும் தங்கள் பங்குக்கு மார்க் போடுவதுண்டு; போன தேர்வில் நெஞ்சுவலி அக்கா அவனுக்குக் குறைந்த மார்க் போட்டிருக்கிறாள். 'இவர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை' என்று ஒரு குறிப்பும் கொடுத்திருக்கிறாள். அவன் நடைபாதையில் அவளை மறித்துக் கத்தியதைப் பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள். இந்தத் தடவையும் தோற்றால் படிப்பே போய்விடும். "இன்னும் என்னம்மா வேணும்? சாயங்காலம் கோர்ட்ல ஒப்படைச்சிடுங்க" என்றார் மேலதிகாரி. கொலை வழக்கில் ஒருமுறை உள்ளே போனவன் வெளியே வந்து யாருக்கு வைத்தியம் பார்ப்பான்? அவன் வாழ்க்கைக்குச் சாயங்காலம் வரைதான் நேரம்.

நெட்டையன் என்று அழைக்கப்பட்ட அந்தப் பையனை அழைத்து வந்தார்கள். இரவு முழுக்கத் தூங்காத முகம்.

"என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

"உள்ள வந்தேன். கதவச் சாத்தினேன். எங்க வலிக்குதுன்னு கேட்டேன். நெஞ்சுல, இடது கையிலன்னாங்க. மாத்திரைய நாக்குக்கு அடியில வைங்கன்னேன். வெச்சாங்க."

"அப்புறம்?"

"கொஞ்ச நேரத்துல வேர்த்துக் கொட்டுச்சு மேடம். 'நிஜமாவே முடியலப்பா'ன்னாங்க." அவன் கட்டிலைப் பார்த்தான். "என்ன நடிப்புடா சாமின்னு நினைச்சேன்."

ஏட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்புறம்?"

"ரெண்டு கையையும் தலைமேல வெச்சுக்கிட்டாங்க. தலை வலிக்குதான்னு கேட்டேன். பதில் இல்ல. கைய விலக்கி நெத்தியத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லுனு இருந்துச்சு. அவங்க என்னையப் பார்க்கவே இல்ல, கண்ணாடியவே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் சாஞ்சு படுத்துட்டாங்க. மணி அடிச்சது. நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்."

"நாடி பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம். எழுபத்தெட்டு. சீராத்தான் இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "அந்த மருந்து உள்ள போன ஆளுக்கு நாடி பாதிகூட இருக்காதுன்னு டாக்டர் சொல்றாரு. பொய் சொல்லாத தம்பி."

நெட்டையன் விரலை நீட்டிக் கட்டிலுக்கு மேலே சுவரைக் காட்டினான். அங்கே ஓர் அட்டை தொங்கியது. 'நாடி 78.'

"நடிக்கிறவங்களுக்கு நாடி எப்பவும் நல்லாத்தான் இருக்கும். அதனால கதைக்குத் தேவையானத அட்டையில எழுதி வெச்சிருப்பாங்க. நாங்க மணிக்கட்டுல சும்மா விரல வெச்சிட்டு அட்டையப் பார்த்துச் சொல்லிடுவோம். எல்லாருமே அப்படித்தான் மேடம்."

"செத்துக்கிட்டிருந்த பொம்பள கையப் பிடிச்சுக்கிட்டு, செவுத்தப் பார்த்து நாடி சொன்னியா?"

அவன் தலை கவிழ்ந்தது. ஏட்டுக்கு அவனை ஓர் அறை விடலாம் போலிருந்தது. இன்ஸ்பெக்டருக்கோ வேறு நினைப்பு. கொலை செய்தவன் இப்படிப்பட்ட பொய்யைச் சொல்ல மாட்டான். மருந்து என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்து மாஸ்டர் வந்தார். கஞ்சி போட்ட சட்டை, கம்பீரமான குரல், கலங்கிய கண். நடிப்புச் சொல்லிக் கொடுப்பவர் ஆயிற்றே, எது எந்த அளவு வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?

"நீங்க கண்ணாடிக்குப் பின்னாடி முழுக்க இருந்தீங்களா சார்?"

"ஒரு நொடி கண்ணெடுக்கல மேடம். மார்க் போடணுமே."

"அவங்க நடிப்பு எப்படி இருந்துச்சு?"

"அச்சுப் பிசகல. நான் சொல்லிக் குடுத்தபடியே கடைசி வரைக்கும். ஒரே கதைய ஒரு நாள்ல பதினஞ்சு தடவ சொல்லணும்னாலும் ஒரு முனகல்கூட மாறாது அவளுக்கு. எப்பேர்ப்பட்ட நடிகை!"

"பையன்?"

"அத ஏன் கேக்குறீங்க? சரியான கோமாளி. நெஞ்சுவலின்னு படுத்திருக்கிறவகிட்ட 'தலை வலிக்குதா'ன்னு கேக்குறான்! அதோட விட்டானா? அவ கைய விலக்கிட்டு நெத்தியத் தொட்டுப் பார்க்குறான். இவனெல்லாம் டாக்டராகி யாரக் காப்பாத்தப் போறான்? அவமேல அவனுக்கு ஆத்திரம் மேடம். ஊருக்கே தெரியும்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மாலை நாலு மணிக்குத் தங்கை வந்தாள். அவளும் இங்கே நடிப்பவள்தான், பக்கத்து அறையில் வயிற்றுவலி. உட்காரச் சொன்னதும் அக்கா கிடந்த கட்டிலைப் பார்த்துவிட்டு, மறுத்து நின்றுகொண்டாள். இன்ஸ்பெக்டர் இரக்கம் காட்டவில்லை.

"டீ நேரத்துல இந்த ரூமுக்கு எதுக்கு வந்த?"

"அக்காவத் தேடி மேடம். இல்ல, போயிட்டேன்."

"கிண்ணத்துல மாத்திரை போட்டியா?"

"இல்ல."

"அக்காவுக்கும் உனக்கும் சண்டையா?"

"ஐயோ, இல்ல மேடம்!"

"வீட்டுல யாரு யாரு? சொத்து ஏதாவது? அவ போனா உனக்கு என்ன வருது?"

"எனக்கு அவளத் தவிர யாருமே இல்ல மேடம்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. போட்டியா, இல்லையா?"

தங்கையின் இரண்டு கைகளும் தாமாகவே எழுந்து உச்சந்தலையில் போய் உட்கார்ந்துகொண்டன. அப்படியே இன்ஸ்பெக்டரைப் பார்த்தபடி எதற்கோ காத்திருந்தாள்.

"என்னம்மா, தலை வலிக்குதா?"

கேட்டு முடித்ததும் இன்ஸ்பெக்டருக்குப் பொறி தட்டியது. இதே கேள்வி காலையிலிருந்து இரண்டு பேர் வாயிலிருந்து அவர் காதில் விழுந்தாயிற்று. குரலைத் தணித்துக்கொண்டார்.

"தலையில ஏன் கைய வெச்ச?"

தங்கை தன் கைகளை அப்போதுதான் கவனித்ததுபோல் இறக்கினாள். "பழக்க தோஷம் மேடம். அது எங்க அடையாளம். நடிக்கிறப்ப நெஜமாவே உடம்புக்கு முடியலன்னா இப்படி வைக்கணும். உடனே மணி அடிச்சு நிறுத்திடுவாங்க."

"வாயத் தெறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"வாயால சொன்னா யாரு மேடம் நம்புவா? 'நெஜமாவே முடியல, செத்துருவேன் போலிருக்கு'ன்னு தினமும் நூறு தடவ சொல்றோமே. அதான் எங்க வேலையே. அதனாலதான் இந்த அடையாளத்த வெச்சாங்க, எந்தக் கதையிலயும் வராத மாதிரி."

"இது மாணவர்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா அதையே எதிர்பார்த்துக்கிட்டு நிப்பாங்கன்னு சொல்ல மாட்டாங்க. நடிக்கிற எங்களுக்குத் தெரியும், கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிறவருக்குத் தெரியும். சொல்லிக் குடுத்ததே மாஸ்டர்தானே!"

இன்ஸ்பெக்டர் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, "மாஸ்டருக்கும் அக்காவுக்கும் ஏதாவது பிரச்சினை உண்டா?" என்றார்.

"சேச்சே! அவருன்னா அக்காவுக்கு உசிரு. போன தேர்வுல வேற ஒரு பையன், அக்கா வாயத் தெறக்குறதுக்கு முன்னாடியே 'உங்கப்பாவும் நெஞ்சுவலியிலதானே போனாரு'ன்னு கேட்டிருக்கான். எங்கப்பா நல்லாத்தான் இருந்து போனாரு. நெஞ்சுவலியில போன அப்பா, அக்கா நடிக்கிற கதையில வர்ற ஆளு. கேள்வி எங்கேயோ வெளிய போயிருக்குன்னு அக்கா மாஸ்டர்கிட்டதான் மொதல்ல சொன்னா. 'இந்தத் தேர்வு முடியட்டும், ரெண்டு பேருமா முதல்வர்கிட்ட போலாம்'னு சொன்னாராம்."

அந்தப் பையன் யார் என்று கண்டுபிடிக்க ஏட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாஸ்டரின் கூடப்பிறந்த அக்கா மகன்.

ஐந்தரை மணிக்கு மாஸ்டரை மறுபடி அழைத்தார்கள். இன்ஸ்பெக்டர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"சார், அந்தப் பையன் ஏன் தலைவலியான்னு கேட்டான்?"

"அறிவு கெட்டவன், கேட்டான்."

"இல்ல. அவங்க ரெண்டு கையையும் தலைமேல வெச்சிருந்தாங்க. அதப் பார்த்துக் கேட்டான். அந்த அடையாளத்துக்கு அர்த்தம் தெரியாததால அவன் கேட்டது நியாயம். உங்களுக்கு அர்த்தம் தெரியும். நீங்க ஏன் மணி அடிக்கல?"

மாஸ்டரின் முகத்தில் ரத்தம் வற்றியது. ஆனாலும் சமாளித்தார். "அப்ப... குனிஞ்சு மார்க் எழுதிக்கிட்டிருந்திருப்பேன். அவன் கேட்டது காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான்."

"'அவ கைய விலக்கிட்டு நெத்தியத் தொட்டுப் பார்க்குறான்'னு காலையில நீங்கதான் சொன்னீங்க. அது காதுல விழுற சமாச்சாரம் இல்லையே சார்? கை தலையில இருந்ததப் பார்த்திருக்கீங்க. அத அவன் விலக்கினதப் பார்த்திருக்கீங்க. பையன முட்டாளாக்கணும்ங்கிற அவசரத்துல வாயக் குடுத்து மாட்டிக்கிட்டீங்க."

மாஸ்டர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"வேற யாரு அந்த மாத்திரைய வெச்சிருந்தாலும், கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற ஆளு மணி அடிச்சிருப்பாரு. ரெண்டு மாடி எறங்கினா அவசரப் பிரிவு. அவங்க பொழைக்கக்கூடாதுன்னு நினைச்ச ஒருத்தருதான் சுற்று முடியுற வரைக்கும் உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருக்க முடியும். உங்க வீட்டுக்கு ஏட்டு போயிட்டு வந்துட்டாரு. படுக்கையில இருக்கிற உங்கம்மாவுக்குக் குடுக்குற மருந்தும் இந்தக் கிண்ணத்துல இருந்ததும் ஒண்ணுதான்."

"எங்கக்காவுக்கு அவன் ஒரே பையன் மேடம்" என்றார் மாஸ்டர். கம்பீரம் எல்லாம் போய்க் குரல் காற்றாக வந்தது. "ரெண்டு வருஷமா பாஸ் ஆகல. கதைய மட்டும்தான் சொன்னேன். விஷயம் முதல்வர்கிட்ட போயிருந்தா அவன் படிப்பும் போயிருக்கும், என் பேரும் போயிருக்கும். அவ நெஞ்சுவலியில போயிட்டான்னு எல்லாரும் நம்பிடுவாங்கன்னு நினைச்சேன்."

"நம்பியிருப்பாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். ஏட்டைப் பார்த்தார். ஏட்டு விலங்கை எடுத்தார்.

நெட்டையனை விடுவித்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தான். "எங்கிட்ட வேண்டாம். அடுத்து யாரு கையப் பிடிச்சாலும் ஒழுங்காப் பிடி, போ" என்று இன்ஸ்பெக்டர் அனுப்பிவிட்டார்.

நடைபாதை பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். விஷயம் அவள் காதுக்கும் வந்திருந்தது. அவள் அழவில்லை. இன்ஸ்பெக்டரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? அந்தத் தம்பி சொன்னுச்சாமே, அக்கா அவனப் பார்க்கல, கண்ணாடியத்தான் பார்த்துக்கிட்டிருந்தான்னு."

"ஆமாம்மா."

"அப்ப மாஸ்டர் பார்த்துட்டாரு, இதோ மணி அடிச்சிடுவாருன்னு நினைச்சுக்கிட்டே படுத்திருந்திருக்கா?"

இருபது வருட வேலையில் எத்தனையோ பேருக்கு ஆறுதலாகப் பொய் சொன்னவர்தான் இன்ஸ்பெக்டர். இவளிடம் அவரால் முடியவில்லை.

"கடைசி வரைக்கும்" என்றார்.

தங்கை மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மணியும் அடிச்சுதே மேடம்" என்றாள்.