படகு மறைத்த பால்கனி

இட்லிப் பானையை இறக்கும்போதே பானுமதிக்குப் புரிந்துவிட்டது, கூடத்தில் தன் பெயர் அடிபடுகிறது என்று. தன் பெயர் அடிபட்டால் தனக்கு ஏதோ ஒரு வேலை வந்து சேரப்போகிறது என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இது மாறினதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் மதியழகன், மனைவி சசிகலாவோடு அதியமான்கோட்டைக்கு வந்திருந்தான். அப்பா அர்ச்சுனன் ரிட்டயர் ஆனதைக் கொண்டாட, சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு போகலாம் என்பது அவன் யோசனை. கப்பலின் படத்தை டிவியில் பெரிதாகப் போட்டுவிட்டு, புக்கிங் ஏஜென்ட்டை ஸ்பீக்கரில் வைத்து ரூம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவிக்கு நேர் எதிரே, மூட்டு வலிக்குக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அர்ச்சுனனின் அக்கா தீர்த்தம்மாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"கப்பலா இருந்தா என்னா, வூடா இருந்தா என்னா? பெரியவங்க கன்னி மூலையிலதான் படுக்கணும். அந்த ஆளுகிட்ட கன்னி மூலை ரூமு எதுன்னு கேளு மதி."

"என்ன மூலைங்க சார்?" என்றான் ஏஜென்ட்.

"தென்மேற்குங்க," என்றார் அர்ச்சுனன், நிலம் கிரயம் பேசுகிற தோரணையில்.

"சார்... கப்பல் போறப்ப ஒரு பக்கம் தென்மேற்கா இருக்கும். திரும்பி வர்றப்ப அதே பக்கம் வடகிழக்காயிரும்ங்க."

சசிகலா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். தீர்த்தம்மாள் அசரவில்லை. "ஓடறப்ப எப்பிடியோ போவட்டும். கரையில நிக்கறப்ப எது கன்னி மூலையோ அத எழுதச் சொல்லு."

ஏஜென்ட் பாவம், என்ன செய்வான்? ஏதோ ஒரு ரூமைக் காட்டினான். கப்பலின் வயிற்றுக்குள் மூன்று கட்டில் போட்ட ரூம். ஜன்னல் கிடையாது. மகனுக்கும் மருமகளுக்கும் கடலை முழுசாகப் பார்க்கிற பால்கனி ரூம். பெரியவர்கள் மூவருக்கும் இந்த ஜன்னல் இல்லாத ரூம் என்று முடிவாயிற்று.

"ஜன்னல் இல்லியேங்க," என்று சசிகலா மெதுவாக இழுத்தாள்.

"அம்மாவுக்கு என்னா, எங்க போட்டாலும் தூங்கிரும்," என்றான் மதியழகன். "பெரியத்தைய ராத்திரி பாத்ரூம் கூட்டிட்டுப் போறதுக்கும் அம்மாதானே பக்கத்துல இருக்கணும்?"

கெட்ட மனசோடு சொல்லவில்லை அவன். அம்மாவுக்காக ரத்தத்தைக் கொடு என்றால் கொடுப்பான். ஒரு ஜன்னல் கொடுக்கணும் என்றுதான் தோன்றாது. அதுதானே வயிற்றெரிச்சல்!

பானுமதிக்கும் ஒரு ரூம் இருந்தது, ஒரு காலத்தில். வீட்டு முன்பக்கம், ஜன்னலைத் திறந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் மலை தெரியும். பெங்களூர் ரோட்டை அகலப்படுத்தியபோது வீட்டின் முன்பாதியோடு அந்த ரூமும் போயிற்று. மிச்சமிருந்த ரூம்களில் ஒன்று அண்ணி தீர்த்தம்மாளுக்கு, ஒன்று படிக்கிற பையனுக்கு. பிறகு மாடியில் ஒன்று கட்டினார்கள். "இது உனக்குத்தான் பானு" என்றார் அர்ச்சுனன். சிமெண்ட் ஈரம் காய்வதற்குள் மகனுக்குப் பெண் அமைந்துவிட்டது. புதுசா வர்ற பொண்ணு எங்கே போகும்? பானுமதியே கூட்டிப் பெருக்கி, புதுமெத்தை போட்டுக் கொடுத்தாள். அவர்கள் ஓசூரில் இருக்கிற நாளிலும் அது அவர்கள் ரூம்தான்; அவளுடைய பாய் அண்ணியின் கட்டிலுக்குக் கீழேயே நிலைத்துவிட்டது. புடவைகள் அரிசி மூட்டைக்குப் பக்கத்துப் பெட்டியில். ஒரு நாளும் வாயைத் திறந்து கேட்டதில்லை. கேட்காமலே இருந்ததுதான் தப்போ என்று இட்லித் தட்டோடு நின்றபோது அவளுக்குத் தோன்றியது.

தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு அந்த ரூமு வேண்டாம். பால்கனி வெச்ச ரூமு வேணும். நான் மட்டும் தனியா."

அர்ச்சுனன் டிவியை விட்டுத் திரும்பி, யாரோ புது ஆள் வந்து நிற்கிற மாதிரி அவளைப் பார்த்தார்.

ஏஜென்ட்தான் முதலில் பேசினான். "பால்கனி எல்லாம் முடிஞ்சிருச்சுங்கம்மா. ஒண்ணே ஒண்ணு கெடக்குது. ஆனா அதுக்கு முன்னாடி ஆபத்துக்கு இறக்கற படகு தொங்கிட்டு இருக்கும். கடல் பாதி மறைஞ்சிரும். அத யாரும் எடுக்க மாட்டாங்க."

டிவியில் படம் வந்தது. ஒரு நாற்காலி, ஒரு கைப்பிடிக் கம்பி. கம்பிக்கு அப்பால் காவி நிறத்தில் படகின் அடிவயிறு. அதற்கு ஓரமாக ஒரு முழம் நீலம்.

"அதையே போடுங்க," என்றாள் பானுமதி.

தீர்த்தம்மாள் பொங்கிவிட்டாள். "பாத்தியாடா அர்ச்சுனா... உம் பொண்டாட்டி போடற வேஷத்தப் பாத்தியா? மூக்கும் முழியுமா இருக்கற ரூம கேட்டாலும் பரவால்ல. மறைச்ச ரூம கேக்குறா. நாளைக்கு ஊர்ல உக்காந்து எனக்கு அர ரூமுதான் குடுத்தாங்கன்னு அழுவறதுக்கு! என்னய குத்திக் காட்டறதுக்குத்தான இதெல்லாம்... நான் ஒருத்தி இங்க பாரமா கெடக்கறன்னு சொல்லாம சொல்றா..." முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"ஏ பானு, எம்மானத்த வாங்கறதுன்னே நிக்கறயா?" என்றார் அர்ச்சுனன். "நான் ரிட்டயர் ஆனதுக்குப் போறம். நீ தனி ரூம்ல இருந்தா நாலு பேரு என்னா பேசுவாங்க?"

"கப்பல்ல நம்ம ஊரு நாலு பேரு எங்க இருக்காங்க?"

மதியழகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தான். "அம்மா... எம்மேல கோவமா? நீ எங்க ரூம எடுத்துக்க. கடல் முழுசாத் தெரியும். நாங்க அந்தப் படகு ரூமுக்குப் போறம். எங்களத் தண்டிக்கிறாப்புல இப்பிடிப் பண்ணாதம்மா."

"ஆமாங்கத்த," என்றாள் சசிகலா. "ஏற்கனவே மாடி ரூம எனக்கு வுட்டுக் குடுத்துட்டீங்க... இதுலயும் நீங்க தியாகம் பண்ணா என்னால கப்பல்ல ஒரு வாய் சோறு திங்க முடியாதுங்க."

தியாகம்! அந்த வார்த்தையைக் கேட்டதும் பானுமதிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இத்தனை வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லித்தானே அவளிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்கள்? கடைசியில் ஆசைப்பட்டு ஒன்று கேட்டால் அதற்கும் அதே பெயரா?

"தியாகமும் இல்ல, கோவமும் இல்ல. எனக்கு அந்த ரூமு புடிச்சிருக்குது." மகனைப் பார்த்தே சொன்னாள். "கடல் முழுசாத் தெரியற ரூமு எனக்குன்னு குடுத்தீங்கன்னு வெச்சிக்க. காலைல நீ காப்பி குடிக்க அங்க வருவ. உங்கப்பா பேப்பர எடுத்துக்கிட்டு வருவாரு. அண்ணிக்கு காத்து நல்லா வருதுன்னு நாற்காலியப் போடுவீங்க. நானும் எந்திரிச்சு எடம் வுட்டுருவன். யாரும் புடுங்க வேண்டாம், நானே வுட்டுருவன்... அப்பிடியே பழகிப்போச்சு எனக்கு. இந்தப் படகு மறைக்கற ரூமுன்னா யாரு வருவீங்க? ஒருத்தரும் வரமாட்டீங்க. யாருக்கும் வேண்டாத எடமா இருந்தாத்தான் அது எங்கிட்டயே நிக்கும். தெரியற அந்த ஒரு மொழம் கடலு எனக்குப் போதும். அத நான் யாருக்கும் குடுக்கறதா இல்ல."

மதியழகன் பிடித்திருந்த கையை விட்டான். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. சசிகலா அழுதேவிட்டாள்.

அர்ச்சுனன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது செரி... அக்காவ ராத்திரி யாரு பாக்கறது?"

"உங்களத் தூக்கி வளத்தவங்கதானே? நீங்க எந்திரிங்க."

மடக்கிப் பேசினால் வழக்கமாகக் கத்துவார். அன்றைக்குக் கத்தவில்லை. போனை நோக்கிக் குனிந்தார். "தம்பி, அந்தப் படகு ரூம போட்டுடுப்பா."

"பேரு என்னன்னு போடட்டுங்க? திருமதி அர்ச்சுனனா?"

"பானுமதி," என்றாள் அவள், கணவர் வாயெடுப்பதற்கு முன்னால்.

போன் வைக்கப்பட்டது. இட்லி ஆறிக்கொண்டிருந்தது. தீர்த்தம்மாள் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். இன்னும் ஒரு ரவுண்டு ஏச்சு வரும் என்று பானுமதி மனசைத் திடப்படுத்திக்கொண்டு நின்றாள். வந்தது வேறு.

"எம் புருசன் வூட்ல எனக்குன்னு ஒரு கட்டில் கெடையாது," என்றாள் தீர்த்தம்மாள், யாரையும் பார்க்காமல். "அவுரு போனதும், எம் பெட்டிய தூக்கி மாட்டுக் கொட்டாயில வெச்சாங்க. அந்த வெறியிலதான் இங்க வந்தன். வந்த எடத்துல இனி என்னய யாரும் அசைக்கக் கூடாதுன்னு இருந்தன். அசையாம இருந்து இருந்து... உன் எடத்துமேலதான் ஒக்காந்திருந்தனாடி? ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா நீயி?"

"கேக்கறாப்புல நீங்க என்னைக்கு அண்ணி இருந்தீங்க?"

சொல்லிவிட்டுப் பானுமதி அவள் அருகில் போய் உட்கார்ந்தாள். தீர்த்தம்மாள் அவள் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். பானுமதியும் அழுதாள், பழி சொன்னவள், பழி கேட்டவள் என்ற பேதம் இல்லாமல் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அர்ச்சுனன் எழுந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, இட்லித் தட்டுகளைத் தானே எடுத்து வைத்தார்.

அழுது ஓய்ந்ததும் தீர்த்தம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னக் குரலில் கேட்டாள். "அந்தப் படகு ரூமுக்கு... நான் ஒருவாட்டி வந்து பாக்கலாமாடி?"

'உங்க ரூமுதான் அண்ணி, இதென்ன கேள்வி' என்று பழைய பானுமதி சொல்லியிருப்பாள். அந்த வார்த்தை தொண்டைவரைக்கும் வரத்தான் செய்தது. அதை அங்கேயே நிறுத்தினாள்.

"வாங்க அண்ணி. கதவத் தட்டிட்டு வாங்க."

தீர்த்தம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள்.

"தட்டறன்டி."