நாணலுக்குள் நின்றது

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, கரையோரத் தண்ணீர் மெல்லிய கண்ணாடியாக உறையத் தொடங்கியிருந்த நேரத்தில், நாணலுக்குள்ளிருந்து ஏரிக்காளை கத்தியது.

கலம்காஸ் பலகைப் பாதையில் அப்படியே நின்றுவிட்டாள். பெயர்தான் காளை, உண்மையில் அது நாணல் நிறத்தில் கோடு கோடாக இருக்கும் ஒரு கொக்கு. பயந்தால் அலகை வானத்துக்கு நீட்டி, அலகுக்கு அடியிலிருந்து கண்ணால் மட்டும் எதிரியைப் பார்த்தபடி, நாணலோடு நாணலாக நின்றுவிடும். அதன் குரல் அவளுக்குப் பழக்கமானது. முதலில் தொண்டைக்குள் காற்றை இழுக்கும் சிறு விக்கல், பிறகு காலிப் பாட்டிலின் வாயில் யாரோ ஊதுவதுபோல் நீளமான ஒரு முழக்கம். ஆனால் அது வசந்தத்தில் மட்டும்தான் கத்தும். செப்டம்பரிலேயே தெற்கே போய்விடும். உறைகிற ஏரியில் உட்கார்ந்து கத்த அதற்கு ஒரு காரணமும் கிடையாது.

மறுபடியும் கேட்டது. விக்கல். முழக்கம்.

கேமராவைத் தூக்கிச் சத்தம் வந்த திசையில் ஐந்து படம் எடுத்தாள். நாணலைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. உறைந்த சேற்றின் வாடையும், குடியிருப்புகளைச் சூடாக்கும் கொதிகலன் கூடத்திலிருந்து காற்றில் இறங்கி வந்த நிலக்கரிப் புகையும் மூக்கில் ஏறின. எங்கோ பனித்தகடு ஒன்று 'டிக்' என்று விரிசல் விட்டது. காற்று நாணல் முழுவதையும் ஒரு பக்கமாகச் சாய்த்து, பிடித்து வைத்து, மெதுவாக விட்டது.

ஏப்ரல் வரை இந்தப் பாதையில் அவள் தனியாக வந்ததில்லை. முன்னால் துர்சின் அண்ணன் நடப்பார். முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாத்து சுட வருகிறவர்கள் தவறிப்போய்த் தன்னைச் சுட்டுவிடக் கூடாதென்று மேலங்கிக்கு மேல் பழைய மஞ்சள் வேலைச்சட்டையைப் போட்டுக்கொண்டு, மேலே பறக்கும் வாத்துக் கூட்டத்தைப் பார்த்து, "பின்னாடி இடம் இருக்கு, நகருங்கப்பா, நகருங்க" என்று கத்திக்கொண்டே போவார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற கலம்காஸும் அவரும் ஆறு வருடம் ஒரு ஞாயிறும் விடாமல் ஏரியைச் சுற்றினார்கள். ஒரே ஃபிளாஸ்க்கில் பால் தேநீர். அவருடைய மனைவி சபீரா பொரித்துக் கொடுத்த பவுர்சாக் மாவு உருண்டைகள் ஒரு பை. அவளைக் 'கலம்' என்று சுருக்கிக் கூப்பிட்டவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

ஏப்ரல் முதல் வாரத்தில், இளகிப்போன பனி அவர் காலடியில் உடைந்தது. ஒன்பது நாள் தேடினார்கள். ஏரியின் அடியில் நாணல் வேர்கள் பாய்பாயாக மிதக்கும் இடங்கள் உண்டு. அவற்றுக்குக் கீழே போன எதுவும் கிடைப்பதில்லை என்று சொல்லிவிட்டு முக்குளிப்பவர்கள் போய்விட்டார்கள்.

அன்று மதியம் கலம்காஸ் படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தாள். நான்காவது படத்தில் அது இருந்தது. நாணல் எல்லாம் காற்றில் வலப்பக்கம் படிந்திருக்க, நடுவில் ஒரு பழுப்புக் கோடு மட்டும் செங்குத்தாக நின்றது. உச்சி வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. ஏப்ரலுக்குப் பிறகு முதல் முறையாக அவளுக்குச் சந்தோஷம் என்று ஒன்று வந்தது. ஊர்ப் பறவைப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டாள்.

அரை மணி நேரத்தில் பல் டாக்டர் ரினாத் குரல் பதிவு அனுப்பினான். குழுவில் வாய்த்துடுக்கு அவனுக்குத்தான்.

"அக்கா, வாழ்த்துகள்! ஆனா ஒரு சந்தேகம். உங்க ஏரிக்காளை ஒட்டகப்பால் குடிச்சு வளந்ததா? பக்கத்துல ஒரு மரக்கம்பம் தெரியுது பாருங்க, வேட்டைக்காரங்க படகு கட்டுறது. அது என் நெஞ்சு உசரம். உங்க பறவை அதுக்கு மேல ரெண்டு தலை உசரம் நிக்குது. இது பறவைன்னா நாளையிலேர்ந்து நான் குதிரைக்குப் பல் பிடுங்கப் போறேன்."

அவள் சிரித்தாள். பிறகு படத்தை இன்னும் பெரிதாக்கினாள்.

கம்பம் இருந்தது. அவன் சொன்னது சரி.

சாம்பல் நிழல்களுக்குள் உருவம் தேடுவதுதான் இருபது வருடமாக அவள் வேலை. கோடுகளுக்குள் தோள் மாதிரி ஒரு சரிவு. அதன் மேல் கழுத்து. அதற்கும் மேல், பின்னுக்கு மடிந்து, பிடரி முதுகில் படும் அளவுக்கு மடிந்து, வானத்தைப் பார்க்கும் ஒன்று. அத்தனை தூரம் பின்னால் வளைந்த கழுத்தெலும்பை அவள் எந்தப் படத்திலும் கண்டதில்லை. அப்படி வளைந்தவர்களுக்கு அதற்குமேல் படம் எடுக்கத் தேவை இருந்ததில்லை.

பழைய படங்களைத் திறந்தாள். இத்தனை நாளும் பறவைகளைப் பார்த்தாளே தவிர, பின்னாலிருந்த நாணலை யார் பார்த்தார்கள்?

மே மாதம், சேற்றுப்பருந்து. எதிர்க்கரையில் நகக்கண் அளவு ஒரு பழுப்புக் கோடு. ஜூனில் முக்குளிப்பான் கூடு. கூட்டுக்குப் பின்னால், கொஞ்சம் பெரிதாக. ஜூலை. ஆகஸ்ட். செப்டம்பரில் ஒரு நாள் அவள் பையைப் பலகையில் வைத்துவிட்டு நகர்ந்தபோது, அதன் மேல் ஒரு வாலாட்டிக் குருவி வந்து உட்கார்ந்தது. அழகான படம். குருவியின் பின்னால், கையெட்டும் தூரத்தில், தெளிவில்லாமல், நேராக.

கணினியை அணைத்தாள். குளிர்பதனப் பெட்டி மட்டும் சமையலறையில் உறுமிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது சபீரா போன் செய்தாள். அவள் வீடு ஏரியைப் பார்த்த கடைசிக் கட்டடத்தில் இருந்தது.

"கலம்காஸ், நாலு நாளா ஏரியில ஒண்ணு கத்துதே, அது ஏரிக்காளைதானே? இந்த மாசத்துல கத்துமா அது?"

"வழி தப்பின பறவையா இருக்கும் அண்ணி."

"வழி தப்பினா பேர் சொல்லிக் கூப்பிடுமா?"

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"நல்லாக் கேட்டுப் பாரு. முதல்ல ஒரு இழுப்பு. அப்புறம் நீளமா. க... லம்ம்ம். அவர் உன்ன அப்படித்தானே கூப்பிடுவாரு?"

கலம்காஸ் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஏழு மாசமா என்ன அங்க கூட்டிட்டுப் போன்னு கேக்குறேன். ஒரு வாரம் தலைவலிங்கிற, ஒரு வாரம் மழைங்கிற. சனிக்கிழமை வர்றேன். எந்தச் சாக்கும் சொல்லாத."

சனிக்கிழமை மூன்று மணிக்கு இருவரும் பலகைப் பாதையில் இறங்கினார்கள். வானமும் ஏரியும் ஒரே சாம்பல் நிறம். சபீரா கம்பளிச் சால்வையை இறுக்கிக்கொண்டு, கணவரின் தோல் பூட்ஸில் கால் தொளதொளக்கப் பின்னால் வந்தாள். பலகைகள் முனகின. இருபுறமும் ஆளுயரத்துக்கும் மேலே நாணல் தாள் கசங்குவதுபோல் உரசிக்கொண்டிருந்தது. பாதி வழியில் கலம்காஸ் நின்றாள். மனதில் கிடப்பதை இனியும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று தோன்றியது.

"நான் கேட்டேன், அண்ணி."

"எதை?"

"பனி உடைஞ்ச அன்னிக்குக் காத்துல ஒண்ணும் கேக்கலன்னு சொன்னேனே, பொய். கூழைக்கடா ஒரு ஜோடி எறங்குச்சு. நான் கேமராவுலேர்ந்து கண்ணை எடுக்கல. அவர் என் பேரைச் சொன்னாரு. ஒரே ஒரு தடவ. 'இருங்கண்ணா'ன்னுட்டுப் படம் எடுத்துட்டே இருந்தேன். பதினோரு படம். திரும்பிப் பாத்தப்ப தண்ணி மட்டும்தான் ஆடிட்டிருந்துச்சு."

அந்தக் கூழைக்கடாப் படம் இப்போது ஊர் நூலகத்தின் வாசல் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. திறந்து வைத்த அன்று சபீராதான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் படத்துக்கு நான் கைதட்டினேன்டி" என்றாள் சபீரா.

அழவில்லை. கலம்காஸை விலக்கிவிட்டு முன்னால் நடந்தாள்.

அப்போது மிக அருகில் அது கத்தியது. காலடிப் பலகை அதிர்ந்தது. க. லம்ம்ம்.

படகுக் கம்பத்துக்குப் பக்கத்தில், நாணலுக்குள், நேராக நின்றது. கோடு கோடாக. தலை பின்னுக்கு மடிந்து. அதன் அடியில், மெல்லிய பனித்தகட்டுக்குக் கீழே, மஞ்சள்.

மஞ்சள் வேலைச்சட்டை.

கலம்காஸின் மனது அவசர அவசரமாக ஒரு கணக்குப் போட்டது. வேர்ப்பாய் அவரை மேலே தூக்கியிருக்கிறது. முளைத்து வந்த நாணல் மேலங்கியைக் கொடிக்கம்பம்போல் நிமிர்த்தியிருக்கிறது. திறந்த வாயில் காற்று ஊதுகிறது, பாட்டிலில் ஊதுவதுபோல். அவ்வளவுதான். பாவம், அவ்வளவுதான். நிமிர்ந்து இன்னொரு முறை பார்க்கத் தைரியம் வரவில்லை. பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"அண்ணி, என் காலைப் பிடிச்சுக்குங்க!"

கேமரா முக்காலியால் பனியை உடைத்தாள். தண்ணீர் மணிக்கட்டைக் கத்திபோல் வெட்டியது. கண்ணைத் தண்ணீரைவிட்டு எடுக்காமல் துழாவினாள். துணி கிடைத்தது. இழுத்தாள். வேர்கள் அறுபடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. சபீராவும் குனிந்து கை கொடுத்தாள். இரண்டு பேரும் மூச்சிரைக்க அவரைப் பலகையில் கிடத்தினார்கள்.

"எவ்வளவு லேசா இருக்காரு" என்றாள் சபீரா. "நெய்யும் கறியுமாப் போட்டு வளத்தேனே."

கலம்காஸுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஏழு மாதக் கனம் நெஞ்சிலிருந்து இறங்கியது. கிடைத்துவிட்டார். அடக்கம் செய்யலாம். இனி எதுவும் கூப்பிடாது. சபீரா சால்வை நுனியால் அவர் முகம் இருந்த இடத்தில் சேற்றைத் துடைத்தாள். மெதுவாக, தூங்குகிறவரைத் துடைப்பதுபோல். வாய்ப்பக்கம் வந்ததும் கை நின்றது.

வாய் நிறைய வேர்கள். வெள்ளை வேர்கள். உதட்டிலிருந்து தொண்டைக்குழி வரை பின்னிப் பிணைந்து, மரம்போல் இறுகியிருந்தன. ஒரு துளிக் காற்றுப் போக இடமில்லை.

இந்த வாய் யாரையும் கூப்பிட்டிருக்க முடியாது. கோடை தொடங்கியதிலிருந்தே.

காற்று நின்றது.

உரசல் நின்றது. ஏரி முழுக்க ஒரு நாணல்கூட அசையவில்லை. சபீராவின் விரல்கள் கலம்காஸின் முழங்கையைத் தேடிப் பிடித்தன. நகம் துணியைத் தாண்டி இறங்கியது. அவள் கணவரைப் பார்க்கவில்லை. கலம்காஸின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஒரு விக்கல்.

க.

திரும்பினாள்.

தாங்கள் இழுத்ததுதான் அது என்று நினைத்திருந்தாள். இல்லை. அது அங்கேயே நின்றது. இல்லை, அங்கே அல்ல. கம்பத்தைத் தாண்டி இந்தப் பக்கம். பலகையின் விளிம்பில். ஆளைவிட உயரம். காற்றில்லாத காற்றில் மெல்ல ஆடியது, மற்ற எதுவும் ஆடாதபோது. முகம் வானத்துக்கு. வாய் வானத்துக்கு. தொண்டை பை மாதிரி புடைத்துக்கொண்டே வந்தது.

அந்தப் புடைப்புக்கு மேலே, தாடை தொடங்கும் இடத்தில், முகத்தின் அடிப்பக்கத்தில், மஞ்சளாக, இமையில்லாமல், இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.