சேர்ந்து விடும் மூச்சு

அபூசாலியின் வீட்டுக் கேற்றைத் திறக்கும்போதே ஒட்சிசன் மெசினின் இரைச்சல் கேட்க வேண்டும். போன தடவை ஸுஹைறா வந்தபோது அது றோட்டுவரை கேட்டது. தண்ணீர் மோட்டார் போல ஒரே சீராக உறுமி, இடைக்கிடை புஸ்ஸென்று காற்றைக் கக்கிக்கொண்டிருந்தது. இன்று அது இல்லை. கரண்ட் இருந்தது. பக்கத்து வீட்டில் தையல் மெசின் ஓடியது, பாண் விற்கிற ஓட்டோ தன் பாட்டைப் போட்டபடி கடற்கரைப் பக்கம் போனது. அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், திறந்திருந்த ஜன்னல் வழியாக, மூச்சு விடும் சத்தம் வந்தது. ஒரு மனிதனின் மூச்சு என்று சொல்ல முடியாத அளவுக்கு அது தடிப்பாக இருந்தது.

ஸுஹைறா ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் வார்டில் நேர்ஸ். பகல் டியூட்டி முடிந்து சாய்ந்தமருதுக்குத் திரும்பும் வழியில், வீட்டில் ஒட்சிசன் வைத்திருக்கும் நோயாளிகளை எட்டிப் பார்ப்பாள். செய்யச் சொல்லி யாரும் அவளைக் கேட்டதில்லை. தன் வீட்டுக்குப் போய் என்ன செய்வதென்று தெரியாததால் செய்தாள். கொரோனாக் காலத்தில் அவளுடைய உம்மா வேறு ஊர் ஆஸ்பத்திரியில் மவுத்தானார். ஜனாஸா வீட்டுக்கு வரவில்லை. அடக்கக் கொடுக்கவும் இல்லை, எரித்துவிட்டார்கள். செய்தி வந்தபோது அவள் ஒரு நோயாளிக்கு மாஸ்க் மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடித்தாள். அடுத்த கட்டிலுக்குப் போனாள். அழுகை பிறகு வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அதன் பின் எதுவுமே அவளிடம் முழுதாக வந்து சேரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை போலத்தான். தொட்டால் தெரியும், ஆனால் தன்னுடையதாக இராது.

“றாஹிலா!” என்று வாசலில் நின்று கூப்பிட்டாள். செருப்பைக் கழற்றி, கைப்பையை வாசலில் வைத்து, ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஹோலில் விக்ஸும் சாம்பிராணியும் மணத்தன. அவற்றுக்குக் கீழே, நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையின் ஈரச் சீமெந்து வாசம். மெசின் மூலையில் நின்றது, வயர் சுற்றி வைக்கப்பட்டு, மேலே ஒரு துணி போர்த்தப்பட்டு. அபூசாலி கதிரையில் அமர்ந்து, முன்னாலிருந்த மேசையில் தலையணை போட்டு, அதில் இரண்டு முழங்கையையும் ஊன்றிச் சாய்ந்திருந்தார். அப்படி இருக்கச் சொல்லிக் கொடுத்தவள் ஸுஹைறாதான். மேசைக்கு மறுபக்கம் அவருடைய மகள் றாஹிலா, அவர் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூக்கால் இழுத்து, சுடு தேத்தண்ணியை ஊதுவது போல உதட்டைக் குவித்து விட்டாள். அவரும் விட்டார். இரண்டும் ஒரே சத்தம்.

அதுவும் ஸுஹைறா சொன்னதுதான். வார்டிலிருந்து துண்டு வெட்டி அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று, அழுதுகொண்டு நின்ற றாஹிலாவிடம், “வாப்பாக்கு மூச்சு முட்டினா நீங்க பதறாதீங்க. முன்னால இருந்து மெதுவா நீங்க உடுங்க. அவர் உங்களப் பாத்துப் பாத்து உடுவார்” என்று சொல்லியிருந்தாள்.

“வாங்க மிஸ்...” என்றாள் றாஹிலா. திரும்பிப் பார்க்கவில்லை. “மெசின்... வேணாமாம்.”

மூச்சை வெளியே விடும் நேரத்தில் மட்டும்தான் அவள் கதைத்தாள்.

கிட்டப் போகுமுன்பே நோயாளியைப் பார்த்து முடிப்பது ஸுஹைறாவின் பழக்கம். கழுத்தடிக் குழி உள்ளே இழுபடுகிறதா, தோள் ஏறி இறங்குகிறதா, உதடும் நகமும் என்ன நிறம். அபூசாலி நற்பிட்டிமுனை நெல் மில்லில் ஆயுசின் பெரும்பகுதியை உமித்தூசிக்குள் கழித்தவர். கக்கூசுக்குப் போய் வந்தாலே தோள் காதுவரை ஏறும். இன்று தோள் அசையவில்லை. கழுத்து அசையவில்லை. நெஞ்சு மட்டும் லேசாக, மிக லேசாக ஏறி இறங்கியது. நகங்கள் ஈயத்தின் நிறத்தில் இருந்தன.

“மாமா, கையத் தாங்க.”

அவர் தரவில்லை. அவளே எடுத்து, ஒட்சிசன் அளவு காட்டும் ஒக்சிமீற்றரை விரலில் மாட்டினாள். இரண்டு சிறு கோடுகள் மட்டும் வந்தன. விரல் குளிர்ந்தால் அப்படி வரும். தேய்த்துச் சூடாக்கப் பார்த்தாள். ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த மீன் போல இருந்தது அந்த விரல். எவ்வளவு தேய்த்தும் அவளுடைய சூடுதான் குறைந்தது. தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். இலக்கம் வந்தது.

ஸ்டெதஸ்கோப்பை அவர் முதுகில் வைத்தாள். அந்த நெஞ்சின் சத்தங்கள் எல்லாம் அவளுக்குப் பழக்கம். விசில், இறுக்கம், அடியில் தலைமயிரை விரலுக்கிடையில் உரசுவது போன்ற நறநறப்பு. ஒன்றையும் காணோம். ஆளில்லாத வீட்டுக்குள் காற்று நுழைந்து, சுற்றிப் பார்த்து, வெளியேறுவது போன்ற ஒரு சத்தம் மட்டும். முன்பக்கம் வந்து இடது மார்பில் வைத்தாள். கொஞ்சம் கீழே. கொஞ்சம் பக்கவாட்டில். கழுத்தில் விரல் வைத்து அமத்தினாள்.

ஒன்றுமில்லை.

அவர் கண்கள் திறந்திருந்தன. இடது விழியில் ஒரு தூசி ஒட்டியிருந்தது. அவர் இமைக்கவில்லை.

கத்தியிருக்க வேண்டும். குறைந்தது வெளியே ஓடியிருக்க வேண்டும். ஸுஹைறா ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனைகளைத் துடைத்து, கழுத்தில் போட்டுக்கொண்டாள். பயம் எங்கோ பக்கத்து வீட்டில் நடப்பது போல இருந்தது.

“றாஹிலா. எப்பயிருந்து இப்பிடி?”

“போன வெள்ளி... சுபஹு பாங்கோட.” நெஞ்சு ஏறியது. இறங்கியது. “வாப்பாட மூச்சு... நிண்டுட்டு மிஸ். நீங்க சொன்னீங்களே... முன்னால இருந்து... உடச் சொல்லி. நான் உட்டன்.” மறுபடி ஏறியது. “வாப்பாவும்... உட்டார்.”

“நீ உடுறத நிப்பாட்டிப் பாக்கல்லயா?”

றாஹிலா பதிலுக்கு வாயைத் திறந்தாள். அடுத்த மூச்சு வெளியேறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

“முதல்ல நான்தான் உட்டன்... வாப்பா எனக்குப் பின்னால வந்தார். இப்ப...” கண்ணில் நீர் திரண்டது. முகம் மட்டும் அசையவே இல்லை. “இப்ப அவர்தான் உடுறார் மிஸ். நான்தான்... பின்னால.”

“ஸப்ரி எங்க? உம்மா எங்க?”

“உள்ள...”

றாஹிலாவின் புருசன் ஸப்ரி குசினியில் கேத்தலைக் கையில் பிடித்தபடி நின்றான். கோப்பை நிரம்பி, வழிந்து, மேசையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. பக்கத்து அறையில் அபூசாலியின் மனைவி சபியா உம்மா பாயில் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக் குனிந்தாள். கண் விழித்துத்தான் கிடந்தார். ஹோலில் இழுக்கும்போது இங்கே இழுத்தார். அங்கே விடும்போது இங்கே விட்டார்.

பிறகு வீடே நின்றது.

ஹோலிலும் குசினியிலும் பாயிலும் ஒரே நொடியில் மூச்சு அடங்கியது. தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. தையல் மெசின் கேட்டது. ஸுஹைறா சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இந்த மூச்சு அவளுக்குத் தெரியும். சிறிதாகத் தொடங்கி, வளர்ந்து, பெரிதாகி, மறுபடி சிறுத்து, நின்றுபோகும். கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்கும். ஒவ்வொரு தடவையும் நிற்கும் நேரம் நீளும். அப்படி மூச்சு விடுகிறவர்களின் சொந்தக்காரரை வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்துவார்கள்.

ஹோலில் யாரோ இழுத்தார்கள். எல்லாரும் இழுத்தார்கள்.

அவள் ஓடினாள். றாஹிலாவின் உதடு நாவற்பழ நிறமாகியிருந்தது. விரலில் ஒக்சிமீற்றரை மாட்டினாள். எழுபத்திரண்டு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபது.

இவள் உயிரோடு இருக்கிறாள். இவளைக் காப்பாற்றி எடுக்கலாம்.

துணியை இழுத்தெறிந்தாள். வயரைக் குத்தி மெசினைப் போட்டாள். அது உறுமத் தொடங்கியது, அந்த உறுமலுக்கு அடியிலும் மூச்சுகள் கேட்டன. குழாயை றாஹிலாவின் மூக்கில் வைத்து, காதுக்குப் பின்னால் மாட்டினாள். கதிரையோடு அவளை இழுத்து மேசையிலிருந்து தூரத்தில் வைத்தாள். இடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, கிழவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“அங்க பாக்காத. என்னப் பாரு புள்ள. என்னோட உடு. மூக்கால இழு... ஓம், அப்பிடித்தான்... இப்ப ஊது. மெதுவா. மெதுவா.”

றாஹிலாவின் கண்கள் அவள் தோளுக்கு மேலால் பின்னால் போயின. ஸுஹைறா இரண்டு கைகளாலும் அவள் கன்னங்களைப் பிடித்தாள்.

“என்னப் பாரு!”

இழுத்தாள். விட்டாள். றாஹிலா தடுமாறினாள். இழுத்தாள். விட்டாள். எழுபத்தெட்டு. றாஹிலாவின் கை அவள் மணிக்கட்டை இறுகப் பற்றியது. எண்பத்தைந்து. உதட்டில் சிவப்பு திரும்பியது.

“மிஸ்,” என்றாள் றாஹிலா. மூச்சை உள்ளே இழுக்கும்போதே சொன்னாள். “மிஸ், என்ன உட்டுட்டுப் போகாதீங்க.”

ஸுஹைறாவின் கன்னத்தில் சூடாக ஓடியதைத் தொட்டுப் பார்த்தபிறகே அது கண்ணீர் என்று தெரிந்தது. எத்தனையோ வருசத்துக்குப் பிறகு. “போக மாட்டன்” என்றாள். இழுத்தாள். விட்டாள்.

பின்னால், அவள் பிடரிக்கு மிகக் கிட்ட, யாரோ இழுத்து விட்டார்கள்.

அவள் திரும்பவில்லை. இழுத்தாள். பின்னால் இழுபட்டது. குசினியில் இழுபட்டது. பாயில் இழுபட்டது. முழு வீடும் இப்போது அவள் பின்னால் வந்தது. அவள் ஒருமுறை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தாள். வீடு நின்றது. றாஹிலாவும் நின்றாள். எண்பத்தைந்து எண்பதானது. ஸுஹைறா அவசரமாக இழுத்தாள்.

நிறுத்த முடியாது. எழுந்து போக முடியாது. ஃபோன் கைப்பையில், கைப்பை வாசலில்.

ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. தையல் மெசின் ஓய்ந்தது. மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். இழுத்தாள். விட்டாள். முதுகில் குளிர் பரவியது; மேசை தள்ளப்படும் சத்தம் கேட்கவில்லை, ஆனால் அந்த மூச்சு அவள் முக்காட்டை அசைத்தது. இழுத்தாள். விட்டாள்.

இழுபட்டது.

அவள் இழுக்கவில்லை. பின்னால்தான் முதலில் இழுபட்டது. அவள் நெஞ்சு அதன் பிறகே ஏறியது.

இல்லை. நான்தான். நான்தான் முன்னால்.

பின்னால் மூச்சு வெளியே போனது. அவளும் விட்டாள்.

கடைசிச் சொட்டுக் காற்றும் போனது. இழு என்று தனக்குத் தானே சொன்னாள். வார்டில் எத்தனையோ பேருக்குச் சொன்ன அதே குரலில், மனசுக்குள் சொன்னாள். நெஞ்சு அசையவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. முழுதாக, அவளுடையதாக, ஒரு மறைப்புமில்லாமல்.

குசினியில் சத்தமில்லை. பாயில் சத்தமில்லை. எதிரே றாஹிலா, குழாய் மூக்கில், அகலத் திறந்த கண்களோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு ஓரத்திலிருந்து நீலமாகத் தொடங்கியது. ஸுஹைறா தன் உதடும் அப்படித்தான் மாறுகிறது என்பதை அந்தக் கண்களில் கண்டாள்.

அவள் தோளில் ஒரு கை மெல்லப் படிந்தது. ஈரமாக, மீனைப் போலக் குளிர்ந்து.

அவர் இன்னும் இழுக்கவில்லை.