பகலில் பூட்டிய படுக்கையறை

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்கள் நேற்றிரவும் கண் மூடவில்லை! காலைக் காபிக்கு முன்பே அவர் இதைத் தங்கைக்குப் போனில் அறிவித்தார். காபி ஆறுவதற்குள் தங்கையே வந்து நின்றாள்.

வந்தவள் கண்டது, படுக்கையறைக் கதவில் ஒரு பூட்டு. சாவி அண்ணியின் இடுப்பில்.

"அண்ணன் நாற்காலியில உட்கார்ந்து சொக்குறாரு... நீங்க கதவைப் பூட்டி வெச்சிருக்கீங்க! உங்களுக்கு மனசாட்சியே இல்லையா அண்ணி?"

அவர் புரண்ட இரவுகளிலெல்லாம் கூடவே விழித்திருந்து, இருமலைக்கூட முந்தானைக்குள் அடக்கியதை அண்ணி எந்த வாயால் சொல்வாள்?

"டாக்டர் சொன்னதும்மா. பகல்ல கண்ணசரக் கூடாது. மத்தியானத்துக்கு மேல காபி கிடையாது. ராத்திரி தூக்கம் வந்தாதான் கட்டில். வரலைன்னா எழுந்து வெளியில வந்து உட்காரணும். எப்படித் தூங்கினாலும் காலையில ஒரே நேரத்துக்கு எழுந்திருக்கணும்."

"தூக்கம் வராதவரைத் தூங்க விடாதீங்கன்னு சொன்னானா? அவன் டாக்டரா, வாட்ச்மேனா?"

தலைமையாசிரியர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்ச்சவன்... இன்னைக்கு ஒரு தலகாணிக்குக் கையேந்துறேன்!"

"கிளம்புங்கண்ணா! நம்ம வீட்டுல நிம்மதியாத் தூங்கலாம்."

அண்ணி பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினாள். இத்தனை வருஷக் குடித்தனம் ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்விடுமா? ஆனாலும் அவருடைய சட்டைகளை அவளே மடித்துப் பெட்டியில் வைத்தாள். "போயிட்டு வாங்க..."

தங்கை வீட்டில் உபசாரத்துக்குக் குறைவில்லை. பகலெல்லாம் மெத்தை, மாலையில் இரண்டு தடவை காபி. இரவெல்லாம் மாப்பிள்ளையை எழுப்பி உட்காரவைத்து, கல்வித்துறை சீரழிந்த வரலாறு.

வாரம் முடிவதற்குள் அண்ணனும் தங்கையும் திரும்பி வந்தார்கள்.

"மன்னிச்சிடுங்க அண்ணி! எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல மேஜை மேல கவுந்து தூங்கி மெமோ வாங்கிட்டாரு..." தங்கை அண்ணியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அண்ணியும் அழுதாள். அழுது முடித்ததும் போய்க் கதவைப் பூட்டினாள்.

முதலில் அவர் வீட்டையே இரண்டாக்கினார். பிறகு சில வாரங்களில், ஓரிரவு படுத்தவர் விடியும்வரை அசையவில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அவளும் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் குடும்பத்தைக் கூட்டினார். எழுந்து நின்றார்.

"இந்த வீட்டுல ஒரு தெய்வம் இருக்கு... அதை நாமதான் புரிஞ்சுக்கல..." குரல் தழுதழுத்தது. எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். மேலே பேச முடியாமல் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடினார்.

"பாவம்... அண்ணன் உருகிப் போயிட்டாரு," என்றாள் தங்கை.

குறட்டை கேட்டது. தெய்வம் தட்டி எழுப்பியது.