ஒரு கழுத்திலிருந்து மறு கழுத்துக்கு

2006 ஒக்டோபர் 9, திங்கட்கிழமை. பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் பதினேழு தமிழ் வீடுகளின் தபால்பெட்டிகளில் ஒரே கடிதத்தின் பிரதிகள் கிடந்தன. கணினியில் அடித்தது. பெயர் இல்லை.

மறுநாள் புஷ்பமலர் அதைக் கனகலிங்கத்திடம் கொண்டுவந்தார். யாழ்ப்பாணப் பத்திரிகையொன்றில் இருபது ஆண்டுகள் பிழை திருத்தியவர் கனகலிங்கம். இப்போது காலை நேரங்களில் சியாமளாவின் தொலைபேசிக் கடையில் இருப்பார். கடிதம் புஷ்பமலரின் மகள் தர்மிகாவைப் பற்றியது. அவளுக்கு 28ஆம் திகதி கல்யாணம். அது நடக்குமா என்பதை ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக மாப்பிள்ளை வீட்டார் அறிவித்திருந்தார்கள்.

சியாமளா உரக்க வாசித்தாள்.

“‘முதல் சம்பந்தம் குழம்பியபோது அந்தப் பெடியனின் நெஞ்சு, வெட்டின கணவாய்போலச் சிவப்பாய் வடிந்தது. இவள் சந்தையில் விலைபோகாத மீன். ஒரு கழுத்தில் வாடியதை ஈரக் கடதாசியில் சுற்றி, கருகின வெளியிதழைப் பிய்த்து, அடுத்த கழுத்துக்குப் புதிதென்று போடும் ரோசா மாலை.’ சீ.” விரல்களை உடுப்பில் துடைத்துக்கொண்டாள். “மீன்கடை நாகமுத்துதான் அண்ணை. போன மாசம் இவவோட சண்டை பிடிச்சவர்.”

“வேற ஆருக்கும் கோவமோ?” என்று கனகலிங்கம் கேட்டார்.

“மண்டபம் சோடிக்கிற சில்வெஸ்டர் தன்ரை தம்பிக்குப் பிள்ளையைக் கேட்டவர். ஏலாது எண்டனாங்கள்,” என்றார் புஷ்பமலர். “அதுக்குப் பிறகும் சிரிச்சுத்தான் கதைப்பார். எங்கடை நிச்சயதார்த்தத்துக்கும் அவர்தான் மாலை கட்டினவர்.”

“மாப்பிள்ளையின்ரை அம்மா என்ன சொன்னவ?”

“மாலை, மாலை எண்டே சொன்னவ. மீனைப் பற்றி ஒண்டும் இல்லை.”

கனகலிங்கம் முதலில் மீன்கடைக்குப் போனார். நாகமுத்து கணவாய் வெட்டிக்கொண்டிருந்தார். மணிக்கட்டுவரை கறுப்பு.

“கடிதமோ? அன்ட்ராக் படிவம் நிரப்பவே நான் பெறாமகளைக் கூப்பிடுறனான்.”

“நாளைக்கு என்னோட வாங்கோ,” என்றார் கனகலிங்கம்.

மறுநாள் கனகலிங்கம், புஷ்பமலர், சியாமளா, நாகமுத்து நால்வரும் சில்வெஸ்டர் மாலை கட்டும் நிலவறைக்குப் போனார்கள். பூ நாற்றம். வாளி நிறைய ஓரம் கருகிய ரோசா இதழ்கள். ஒரு காம்புகூட இல்லை.

“எனக்கும் வந்தது அக்கா. வாசிச்சு அழுதிட்டன்,” என்றான் சில்வெஸ்டர்.

கனகலிங்கம் கதிரையில் உட்கார்ந்தார்.

“கணவாயிலை வடியிறது சிவப்பு இல்லை, கறுப்பு மை. நாள் முழுக்க அதை வெட்டுற மனிசன் அப்பிடி எழுதமாட்டார். மீன் உவமையெல்லாம் கடைக்கு வெளியிலை நிண்டு எழுதினது, பழியை நாகமுத்துவின்ரை தலையிலை போட. மாலை அப்பிடி இல்லை. வாடின மாலை எண்டு ஆரும் எழுதுவினம், அதோட நிப்பாட்டுவினம். வாடினதுக்குப் பிறகு என்ன செய்யிறது எண்டு எழுத, அதைச் செய்த கை வேணும். அந்த வரியைத்தான் மாப்பிள்ளையின்ரை தாயாலை மறக்க ஏலாமல் இருக்கு. கண்ணாலை கண்டதுபோல இருக்கிறபடியால் நம்புறா. வாளிக்குள்ளை வெளியிதழ் மட்டும் கிடக்கு, சில்வெஸ்டர். பூ எங்கை?”

அவன் பதில் சொல்லுமுன் சியாமளா குளிர்ப்பெட்டியைத் திறந்துவிட்டாள். ஈரமான ஜெர்மன் பத்திரிகையில் சுற்றிய இரண்டு மாலைகள்.

“இந்தப் பச்சைக் குஞ்சம் போன சனி நான் போன கல்யாணத்திலை மாப்பிள்ளையின்ரை கழுத்திலை கிடந்தது,” என்றாள். மாலையில் இன்னும் சந்தனமும் வியர்வையும் மணத்தன.

“இஞ்சை ரோசா என்ன விலை தெரியுமோ?” என்றான் சில்வெஸ்டர்.

“உந்த மாலைச் சங்கதியைப் போய்ச் சனத்துக்குச் சொல்லட்டோ?” என்று நாகமுத்து கேட்டார். “அல்லது கடிதம் போட்டது நீதான் எண்டு எழுதித் தாறியோ?”

சில்வெஸ்டர் பேனையை எடுத்தான். நான்கு வரிகள் எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒரு உவமையும் இல்லை.

புஷ்பமலர் தாளை வாங்கவில்லை. “என்ரை பிள்ளையின்ரை கழுத்திலை நீ போட்டது ஆரின்ரை மாலை?”



அந்தத் தாளைக் கனகலிங்கம் மாப்பிள்ளையின் தாயிடம் கொடுத்தார். கல்யாணம் 28ஆம் திகதி நடந்தது. மாலைகளைப் புஷ்பமலரே கட்டினார். நவம்பர் 4ஆம் திகதி சில்வெஸ்டர் வேறொரு மண்டபத்தைச் சோடித்தான்.